பதினேழாம் எண், லாலா

கால்தென் சோலோ, 1931 ஆகஸ்ட் 2

பிச்சோன்,

இருபத்தாறு வயதானவனைப் புறாக்குஞ்சு என்று கூப்பிடாதே என்று போன கடிதத்தில் கோபித்துக்கொண்டாய். கூப்பிடத்தான் செய்வேன். இது உன் கைக்கு வரும்போது இருமல் விட்டிருக்க வேண்டும். நான் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

மழை இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது. மாடுகள் நின்ற இடத்தில் விழுகின்றன. தோல் உரிக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா போன பிறகு கடிவாளமும் சேணவாரும் பின்னுகிறவள் இங்கே நான் ஒருத்திதானே. தோலுக்குக் குறைவில்லை, கொழுப்புக்குத்தான் பஞ்சம். செத்த மாட்டின் வயிற்றை வழித்தாலும் ஒரு பொட்டு வராது. பக்கத்து வீட்டு ரமோனா ஒரு சின்ன டப்பா கொடுத்தாள். அடுப்புக்கு மேலே துணியில் சுற்றி மறைத்து வைத்திருக்கிறேன். முதல் மழை விழும் அன்று தோர்தா பொரிக்க. மழைக்கு மாவு பிசைந்து பொரிக்காத வீடும் ஒரு வீடா?

பந்தய வண்டி கட்டுகிறாயாமே. ரயில் பட்டறை வேலை போதாதா உனக்கு? எல்லாம் எழுது.

உன் அக்கா,
லாலா

•

பாயியா பிளாங்கா, ஆகஸ்ட் 23

லாலாக்கா,

இருமல் ஓடிவிட்டது. பெட்ரோல் நெடிக்குப் பயந்து ஓடியது என்று என் தோழன் எலீசியோ சொல்கிறான். உன் முழங்காலுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பார்.

வண்டியைக் கேட்டாயே. அடிச்சட்டம் தீப்பிடித்த ஒரு வாடகைக் காருடையது. உடம்பு, ரயில்வே தூக்கிப்போட்ட தண்ணீர்த் தொட்டியின் தகடு. நாங்களே வெட்டி, சுத்தியலால் தட்டி, மீன்வால் மாதிரி பின்னால் கூராக்கினோம். ஆசனம் முடிதிருத்துகிறவரின் பழைய நாற்காலி. கதவு இல்லை, மட்கார்டு இல்லை, கூரை இல்லை. மழை வந்தால் குளிப்போம். நான் ஓட்டுவேன். எலீசியோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் பெட்ரோல் பம்பை அடித்துக்கொண்டே மறு கையால் சிலுவை போட்டுக்கொள்வான். எண் பதினேழு. மூக்கின் மேல் "லாலா" என்று எழுதியிருக்கிறேன், எவுலாலியா என்று முழுசாக எழுத இடம் இல்லை. காலையில் கிளப்புவது கஷ்டம், கிளம்பிவிட்டால் வாயை மூடாது. வேறு என்ன பெயர் வைப்பது?

ஒரு சிக்கல். நேற்று மணல் பாதையில் ஓட்டிப் பார்த்தபோது முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையில் விரிசல் விழுந்துவிட்டது. புதிய பட்டை கப்பலில் வர இரண்டு மாதம் ஆகும். பந்தயம் நவம்பர் 8. நெருப்பில் ஒட்டினால் இரும்பின் உரம் போய்விடும். அப்பா முறிந்த வண்டி நுகத்தைப் பச்சைத்தோல் வாரால் கட்டுவாரே, இருபது வருஷம் தாங்கியதே! பட்டையை ரயில் கார்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். கட்டித் தா.

எலீசியோ சிரிக்கிறான். "மாட்டுத்தோல கட்டிப் பந்தயமாடா?" என்கிறான். "எங்க அக்கா கட்டுனா உன் வாயக்கூடத் தைக்கலாம்டா" என்றேன்.

உன்
நசரேனோ (பிச்சோன் இல்லை)

•

கால்தென் சோலோ, செப்டம்பர் 14

பிச்சோன்,

சுகமாக இரு. இங்கே எல்லோரும் சுகம், மாடுகளைத் தவிர.

பட்டை வந்தது. இன்று அதே கார்டிடம் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு இளம் காளையின் தோலை இரண்டு நாள் ஊறவைத்து, சுற்றிச் சுற்றி ஒரே வாராக அறுத்தேன். நடுவில் எங்கும் முடிச்சு இல்லை. இரும்பைக் காலால் மிதித்துக்கொண்டு, வாரைப் பல்லாலும் கையாலும் இழுத்துக் கட்டினேன். ரமோனா பார்த்துவிட்டு, "ஏன்டி, தம்பிக்கு வண்டி கட்டுறியா, பிணத்தக் கட்டுறியா?" என்றாள். வாயில் வாரைக் கடித்திருந்ததால் திட்ட முடியவில்லை. ஒன்பது நாள் கூரை மேல் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்தேன். தட்டினால் எலும்பு மாதிரி சத்தம் வருகிறது. அப்பா செய்வது போலவே செய்திருக்கிறேன்.

பந்தயத்தன்று வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா

•

பாயியா பிளாங்கா, அக்டோபர் 12

லாலாக்கா,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மாட்டிவிட்டோம். மூன்று நாள் கல்லிலும் குழியிலும் ஓட்டினேன். விரிசல் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. எலீசியோ சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். ஆனாலும் பட்டையை இறுக்கிப் பிடிக்க இரும்பில் இரண்டு கிளாம்பு அடித்துத் தன் ஆசனத்துக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறான், நம்பிக்கை கெட்டவன்.

ஒன்று கேட்கச் சொன்னான். கடைசியில் கொழுப்பு பூசினாயா? பச்சைத்தோல் தண்ணீர் குடித்தால் இளகிவிடுமே என்கிறான். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. இருந்தாலும் ஒரு வரி எழுது, அவன் வாயை அடைக்க வேண்டும்.

உன்
நசரேனோ

•

கால்தென் சோலோ, அக்டோபர் 24

பிச்சோன்,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நான் சுகம்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன், உள்ளே போட்டுக்கொள். எலீசியோவுக்கு ஒரு கழுத்துத் துணி. பந்தயத்தன்று வண்டிகள் நிற்கும் ஒவ்வொரு சாவடியிலிருந்தும் தந்தியில் வருவதை ஸ்டேஷன் மாஸ்டர் கரும்பலகையில் எழுதப்போகிறார், ஊரே அங்கேதான் இருக்கும். நேற்று புனிதரின் சிலையைத் தோளில் தூக்கிக்கொண்டு மழைக்காக வயல் முழுக்கச் சுற்றினோம். நான் செருப்பில்லாமல் நடந்தேன். ஒன்றும் வரவில்லை, முள்தான் ஏறியது.

கவனமாக ஓட்டு. முதலில் வர வேண்டாம், முழுசாக வா.

அக்கா

•

கால்தென் சோலோ, நவம்பர் 8, ஞாயிறு சாயங்காலம்

பிச்சோன்! பிச்சோன்!

நலம் கேட்கக்கூட மறந்துவிட்டேன். மழை! பதினோரு மணிக்கு மேற்கே கறுத்தது. நாங்கள் எல்லோரும் கரும்பலகை முன்னால் நின்றிருந்தோம். "17, இரண்டாம் சாவடி, மூன்றாவது இடம்" என்று மாஸ்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் துளி பலகையில் விழுந்து உன் எண் வழிந்தது. யாரும் உள்ளே ஓடவில்லை. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். கிழவர்கள்கூட. ரமோனா சேற்றில் உட்கார்ந்தே விட்டாள். "உன் தம்பி முந்துவானா மழை முந்துமான்னு பாத்தோம்டி லாலா, மழை ஜெயிச்சிருச்சு!" என்று கத்தினாள்.

நான் வீட்டுக்கு ஓடி, அந்த டப்பாவைத் திறந்து, முழுசையும் சட்டியில் உருக்கினேன். நாற்பது தோர்தா பொரித்தேன். ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே சர்க்கரை தூவி, சூடாக. எல்லோரும் உன் பெயரைச் சொல்லிச் சொல்லித் தின்றார்கள். உனக்கு நான்கு எடுத்து வைத்திருக்கிறேன், காய்ந்துவிடும், பரவாயில்லை.

மூன்றாம் சாவடிக்குப் பிறகு தந்தி வரவில்லை. மழையில் கம்பி அறுந்திருக்கும் என்கிறார் மாஸ்டர்.

காலை ரயிலில் இதைப் போடுகிறேன். உடனே எழுது. எத்தனாவதாக வந்தாய்?

உன் லாலா

•

பாயியா பிளாங்கா, ஆஸ்பத்திரி, நவம்பர் 18

மதிப்புக்குரிய எவுலாலியா அக்காவுக்கு,

என் வலது தோள் எலும்பு முறிந்திருப்பதால் நான் சொல்லச் சொல்ல இங்குள்ள ஒரு கன்னியாஸ்திரீ எழுதுகிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு வர முடியவில்லை, மன்னியுங்கள். மழையில் சாலை சேறாகிவிட்டது. ஒரு வளைவில் வண்டி சறுக்கியது. நசரேனோவுக்கு வலி தெரிய நேரமே இருக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவனுடைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பியின் தோழன்,
எலீசியோ

•

கால்தென் சோலோ, டிசம்பர் 2

எலீசியோ தம்பி,

உன் தோள் சீக்கிரம் கூடட்டும். என்னைப் பற்றி என்ன எழுதுவது. எழுந்திருக்கிறேன், மாத்தே இலைத் தேநீர் குடிக்கிறேன், கோழிக்குத் தீனி போடுகிறேன். யாரோ செய்வது போல இருக்கிறது.

பந்தயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். மழைக்கு மரியாதையாகக் கழற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். "வாங்க, நேத்து மிச்சம் இருக்கு, தின்னுங்க" என்று உனக்கென்று, இல்லை, அவனுக்கென்று வைத்திருந்ததில் ஒன்றை நீட்டினேன். அவர் வாங்கித் தின்றார். வாசலில் நின்றபடி முழுசையும் தின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, மெல்லுகிறார். அப்புறம்தான் தந்தியை நீட்டினார். மூன்று வரி. மூன்றும் படித்தேன், புரிந்தது. புரிந்துகொண்டே அடுப்பை ஊதப் போனேன். ரமோனா வந்து கையைப் பிடிக்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தேனாம். அடுப்பில் நெருப்பே இல்லையாம்.

அவன் சவப்பெட்டியைக் கொண்டுவந்தவர் அதே கார்டு. பட்டையை இறக்கிய அதே இடத்தில் இறக்கினார். "கையெழுத்துப் போடணும்மா" என்றார். போட்டேன். பட்டைக்கும் அப்படித்தான் போட்டேன்.

பந்தயத்தன்று ஞாயிற்றுக்கிழமை நான் அவனுக்கு எழுதிய கடிதம் போன வாரம் திரும்பி வந்தது. அதை இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே ஒரு பெண் சந்தோஷமாக இருக்கிறாள், அவள் இருக்கட்டும்.

உன்னை நான்கு கேள்வி கேட்கிறேன். அவனுக்குப் பாதிரியார் கிடைத்தாரா? காலையில் சாப்பிட்டானா? கம்பளிச் சட்டை போட்டிருந்தானா? நான் கட்டிய கட்டு தாங்கியதா?

அன்புடன்,
எவுலாலியா

•

பாயியா பிளாங்கா, டிசம்பர் 20

எவுலாலியா அக்கா,

தோள் பரவாயில்லை, கன்னியர்தான் இன்னும் எழுதித் தருகிறார். நீங்கள் கொஞ்சமாவது சாப்பிட வேண்டும்.

பாதிரியார் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்தார், எண்ணெய் பூசினார். காலையில் ரொட்டியும் சலாமியும் சாப்பிட்டான், என்னுடையதையும் சேர்த்து. கம்பளிச் சட்டை போட்டிருந்தான், குத்துகிறது என்று திட்டிக்கொண்டே போட்டிருந்தான்.

உங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு ஆறுதல் தரட்டும்.

எலீசியோ

•

கால்தென் சோலோ, 1932 ஜனவரி 6

எலீசியோ தம்பி,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நான்கு கேட்டேன், மூன்றுக்குப் பதில் வந்தது. நான்காவதை நீ மறக்கவில்லை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் நானும் அப்படித்தான் செய்தேன். கொழுப்பு பூசினாயா என்று அவன் கேட்டு எழுதினான். நீ கேட்கச் சொன்னதாகத்தான் எழுதினான். நான் சட்டையைப் பற்றி எழுதினேன், புனிதரைப் பற்றி எழுதினேன், முள் ஏறியதைப் பற்றி எழுதினேன். அதற்கு மட்டும் எழுதவில்லை.

பூசவில்லை, தம்பி.

இல்லாததால் அல்ல. இருந்தது. ஒரு டப்பா. கட்டி முடித்து, காய்ந்து, கடைசியில் பூச வேண்டிய அன்று அதைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்தேன். ஒரு கட்டுக்குப் பாதி போதும். பாதி போனால் தோர்தாவுக்குப் பத்தாது. வானத்தைப் பார்த்தேன். நீலமாக, இரும்பு மாதிரி கிடந்தது. பதினைந்து மாதமாக வராத மழை அந்த ஒரு நாளிலா வரப்போகிறது என்று நினைத்தேன். மூடி, மறுபடி துணியில் சுற்றி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மூடியைத் திறந்து மூடினேன்.

அந்தக் கொழுப்பில்தான் நாற்பது பொரித்தேன். ஊருக்கே கொடுத்தேன். நானும் இரண்டு தின்றேன், எலீசியோ. அவன் வண்டியில் இருந்த நேரத்தில் சர்க்கரை தொட்டுத் தின்றேன்.

இதை ரமோனாவிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன். நீயும் எனக்குச் சொல். கன்னியரிடம் சொல்லாதே, உன் கையால் எழுது. எத்தனை நாள் ஆனாலும் சரி.

எவுலாலியா

•

பாயியா பிளாங்கா, பிப்ரவரி 17

எவுலாலியா அக்கா,

என் கையால்தான் எழுதுகிறேன், கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆறு வாரம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

இரண்டாம் சாவடி தாண்டியதும் மழை பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவன் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து குடித்தான். "மழைடா எலீசியோ! லாலா இந்நேரம் சட்டியை அடுப்புல வெச்சிருப்பா!" என்று கத்தினான். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது.

மூன்றாம் சாவடியில் பத்து நிமிடம் கட்டாயம் நிற்க வேண்டும். நான் இறங்கி முன்சக்கரத்தைப் பார்த்தேன். கட்டு வெளுத்து, ஊதி, வேகவைத்த குடல் மாதிரி இருந்தது. "நசரேனோ, தோல் தண்ணி குடிச்சிருச்சுடா. கிளாம்ப மாட்டிருவோம். இருபது நிமிஷம். மூணாவது இடம் போகும், அவ்வளவுதான்" என்றேன். கிளாம்புகள் ஆசனத்துக்கு அடியில்தானே இருந்தன. கையில் எடுத்தே விட்டேன்.

அவன் குனிந்தான். கட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு முகர்ந்தான். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தான், அக்கா. சாவடிக்காரர் "என்னப்பா, ஜெபம் பண்றியா?" என்று கேலி செய்தார். அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அக்கா கட்டுனது. தாங்கும். ஏறு" என்றான்.

ஏறினேன். நானும் ஏறினேன் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினோரு கிலோமீட்டர் போனோம். வளைவில் பட்டை விரிந்தது, சக்கரம் திரும்பியது.

வாரைக் கழற்றி எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் கட்டைப் பற்றிக் கேட்டதால் அனுப்புகிறேன். வேண்டாமென்றால் எரித்துவிடுங்கள்.

எலீசியோ

•

கால்தென் சோலோ, பிப்ரவரி 28

பிச்சோன்,

இந்தக் கடிதத்தைக் கார்டிடம் கொடுக்கப்போவதில்லை. இருமலை விசாரிக்கவும் போவதில்லை. பழக்கத்தில் எழுதிவிட்டு அடித்தேன்.

வார் வந்திருக்கிறது. வழியிலேயே காய்ந்துவிட்டது. மேசை மேல் தட்டினேன். எலும்பு மாதிரிதான் சத்தம் வருகிறது, கூரையிலிருந்து எடுத்த அன்று வந்த அதே சத்தம். ஒன்றுமே நடக்காதது போல. நகத்தால் சுரண்டி முகர்ந்தும் பார்த்தேன். சேறு வாசம் வருகிறது, வேறொன்றும் இல்லை. ஒருமுறை முகர்ந்தாலே தெரிகிறது. எனக்கே தெரிகிறது என்றால், அப்பாவின் பட்டறையில் கொழுப்புச் சட்டிக்குப் பக்கத்தில் தவழ்ந்தவன் உனக்குத் தெரியாமல் இருக்குமா?

வெளியே புல் முளைத்துவிட்டது. போன மாதம் மறுபடி மழை பெய்தது. ஊரில் எல்லா வீட்டிலும் பொரித்தார்கள், வாசனை வந்தது. ரமோனா நான்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். தட்டை வாங்கிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் இருக்கிறேன், நவம்பரிலிருந்து. யாரோ தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போன மாதிரி, திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

உன்மேல் கோபம் வருகிறது. இருபது நிமிடம்தானே! எலீசியோ கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றானே! "அக்கா ஏமாத்திட்டாடா, கொழுப்பே பூசல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் மாட்டியிருப்பான். நீ வந்து என்னைத் திட்டியிருப்பாய். நான் உன் தலையில் கரண்டியால் அடித்திருப்பேன். அவன் ஒருத்தனுக்கு முன்னால் நான் வெட்கப்படக் கூடாது என்றா நினைத்தாய்? இல்லை, முகர்ந்தும் உனக்குத் தெரியவில்லையா, மழையில் எல்லாமே மாட்டு வாசம்தானா, உண்மையாகவே நம்பித்தான் ஏறினாயா? இந்த இரண்டில் எது என்று தெரிந்தால்கூட நான் படுத்துத் தூங்குவேன்.

விரலை முகர்ந்துவிட்டு அவ்வளவு நேரம் குனிந்தே இருந்தாயாமே, பிச்சோன். தெரிந்துகொண்ட பிறகுதான் "அக்கா கட்டுனது" என்று சொன்னாயா?